பிரேக் பிடித்தால் மட்டும் ஆடும் ஸ்டியரிங்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் இடையே பழைய சிறு லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்தப் புதிரைச் சொல்வார்கள். வண்டி 70-இல் அலுங்காமல் போகிறது. முன்னால் போகும் பஸ் திடீரென ஓரங்கட்டுகிறது. பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டியரிங் கையில் உதறத் தொடங்குகிறது. வேகம் குறையக் குறைய உதறல் கூடுகிறது. 55, 50 வரும்போது உச்சம். 30-க்கு இறங்கினால் சுவடே இல்லாமல் நின்றுவிடுகிறது. பிரேக்கைத் தொடாமல் அதே 55-இல் ஓட்டிப் பார்த்தால் ஓர் ஆட்டமும் இல்லை.

பட்டறையில் இதற்குத் தீர்ப்பு ரெடியாக இருக்கும். "டிஸ்க் பெண்டுண்ணே. கழட்டி லேத்துல கடைஞ்சு போட்டுட்டா சரியாயிடும்." சரியாகவும் ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே உதறல் திரும்ப வருகிறது. மறுபடி கடைசல். டிஸ்க் மெலிந்து போய்ப் புது டிஸ்க் வாங்குகிறார்கள். சில மாதம் போனால் அதுவும் உதறுகிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன்? கடைந்தால் போகிற நோய் ஏன் திரும்பி வருகிறது?

இரண்டாவது கேள்விக்கு விடை இந்த வட்டாரத்தில் உப்பில் போய் முடியும். முதலில் முதல் கேள்வி.

எங்கே உதறுகிறது

பிரேக் பிடிக்காமலே ஆடுகிற வண்டிக்கு இந்த அத்தியாயம் உதவாது. அது டயர் பேலன்ஸிங், வளைந்த ரிம், பிய்ந்த டயர் என்று வேறு கணக்கு. பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுகிறதென்றால், ஆட்டம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். கையில், அதாவது ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையிலும் உடம்பிலும் தெரிந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின் சக்கரம்.

காலில் பெடல் உதைப்பது இன்னொரு துப்பு. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இலும், அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இலும் சாலைக்கு வந்தன. இந்த ரக வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நடுவே பிரேக் ஆயில். டிஸ்க் தள்ளினால் பேட் பின்வாங்கும், ஆயில் வழியாக அந்தத் தள்ளல் பாதத்துக்கு வந்து சேரும். பெரிய லாரியில் காற்று பிரேக். அங்கே பெடல் வெறும் வால்வுதான். சக்கரத்தில் நடப்பதைக் காலுக்குச் சொல்லாது. பெடல் உதைக்கவில்லை, அதனால் டிரம் நன்றாக இருக்கிறது என்று பெரிய லாரிக்காரர் முடிவுகட்டக் கூடாது.

பின் டிரம்மா என்று உறுதிசெய்ய ஓட்டுநர்களிடம் பழைய சோதனை ஒன்று உண்டு. ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில், சுமை இல்லாமல், 30-இல் போகும்போது ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுப்பது. சிறு லாரியில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மை மட்டும் பிடிக்கும். உதறினால் ஆள் அங்கேதான் இருக்கிறான். பொத்தானை விடக் கூடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுக்கவும் கூடாது.

54 கிலோமீட்டரில் நடப்பது

இப்போது ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒன்றேகால் டன் சுமக்கிற ரகம், 14 அங்குல ரிம். இதன் டயர் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2 மீட்டர் போகும். மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 15 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஏழரை சுற்று.

டிஸ்க்கில் எதிரெதிராக இரண்டு இடங்கள் மற்ற இடங்களைவிடத் துளி மெலிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஏன் இரண்டு என்று பிறகு வருகிறது). பேட் தடித்த இடத்தைப் பிடிக்கும்போது பிடி கூடும், மெலிந்த இடத்தில் தளரும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. 54-இல் நொடிக்கு 15 துடிப்பு. 72-இல் 20. 30-இல் எட்டு.

வண்டியின் முன்பக்கத்தில் சக்கரம், ஆக்சில், டை ராடு, ஸ்டியரிங் எல்லாம் ஸ்பிரிங்கிலும் ரப்பர் புஷ்ஷிலும் தொங்குகின்றன. இப்படித் தொங்கும் எதற்கும் தானாக ஆட விருப்பமான ஒரு தாளம் உண்டு. அதை இயல்பு அதிர்வெண் என்போம். இத்தகைய வண்டிகளின் முன்பகுதிக்கு அது நொடிக்கு 10 முதல் 20 வரை எங்காவது இருக்கும். நம் வண்டிக்கு 15 என்று கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. 70-இலிருந்து பிரேக் பிடித்து இறங்கும்போது துடிப்பு 20-இலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. 54-ஐத் தொடும்போது பிரேக்கின் துடிப்பும் முன்பகுதியின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொரு தள்ளலும் சரியான நேரத்தில் வந்து விழ, துளித் தள்ளல் கைநிறைய உதறலாகப் பெருகுகிறது. 30-க்கு வந்ததும் தாளம் தப்பிவிடுகிறது. டிஸ்க் அப்போதும் அதே கோணல் டிஸ்க்தான். கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டை ராடு எண்டும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் இந்தப் பெருக்கம் இன்னும் கூடும். அவற்றை மாற்றினால் உதறல் பாதியாகக் குறையும், வண்டிக்காரர் மகிழ்ந்துபோவார். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மூல காரணம் அங்கே இல்லை.

எவ்வளவு மெலிவு

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஷெட்டுகளில் ஷேவிங் மெஷினிலிருந்து வரும் தோலைக் கையளவு தடிமன் கேஜில் வைத்துப் பார்ப்பார்கள். ஷூ மேல்தோலுக்கு 1.2 மில்லிமீட்டர் கேட்டால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முன்னே பின்னே இருந்தால் பெரிய வம்பில்லை. அந்தக் கேஜில் நம் டிஸ்க்கின் கோளாறு தெரியவே தெரியாது. ஸ்டியரிங்கை உதறவைக்க 0.02 மில்லிமீட்டர் தடிமன் வேறுபாடு போதும். தோல்காரர் பொருட்படுத்தாத அளவில் ஐந்தில் ஒன்று.

கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ "பெண்டு" என்று சொல்லும் தீர்ப்பை நான் நம்பாததற்கு இது முதல் காரணம். மைக்ரோமீட்டர் வைத்து, டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்தால்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் டிஸ்க்கின் பொருள். டிஸ்க்கும் டிரம்மும் சாம்பல் வார்ப்பிரும்பு. இதே வட்டாரத்துச் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் பெரிய வார்ப்பாலை இருக்கிறது. இந்த இரும்புக்குள் கார்பன் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். சூட்டை வேகமாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும். ஆனால் வளைய மாட்டாது, அடித்தால் உடையும். கடும் சூட்டில் டிஸ்க்கின் ஓரம் சற்றே ஒரு பக்கம் சாய்வதுண்டு. ஆறியதும் பெரும்பாலும் திரும்பிவிடும். தகரத் தட்டு போல நிரந்தரமாக நெளிந்துபோன டிஸ்க் மிக அரிது.

நெளியவில்லை என்றால் மெலிவு எப்படி வந்தது?

ஒரு நடைக்கு 90,000 உரசல்

டிஸ்க் தன் உட்பக்கத்தால் ஹப்பின் முகத்தில் உட்காருகிறது. இரண்டு முகங்களும் சுத்தமாக ஒட்டினால் டிஸ்க் நேராகச் சுற்றும். நடுவே ஒரு பக்கம் மட்டும் துருச் செதில் மாட்டிக்கொண்டால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப் முகத்தின் அகலம் 120 மில்லிமீட்டர், பேட் பிடிக்கும் இடத்தில் டிஸ்க்கின் அகலம் 240 என்று கொள்ளுங்கள். ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு, டிஸ்க்கின் ஓரத்தில் இருமடங்காகி 0.1 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். பல சிறு வண்டிகளுக்கு அனுமதி அளவே 0.05-க்கும் 0.1-க்கும் இடையில்தான்.

இந்த ஆட்டம் முதல் நாளே உதறலைத் தராது. காலிப்பர் தன் பின்களில் நழுவி டிஸ்க்கோடு கூடவே போய்வரும். டிஸ்க்கின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும்வரை பிடியும் ஒன்றாகவே இருக்கும். சேதம் நடப்பது பிரேக் பிடிக்காத நேரத்தில். பேட் டிஸ்க்கை ஒட்டி மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. சாய்ந்த டிஸ்க்கின் வெளிமுகம் ஓரிடத்தில் துருத்தி வெளிப் பேடைத் தொடும். அதற்கு நேரெதிரே உள்முகம் துருத்தி உள் பேடைத் தொடும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மெல்லிய உரசல். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 500 சுற்று வீதம் ஒரு நடைக்கு 90,000 சுற்று, ஒவ்வோர் இடத்துக்கும் 90,000 உரசல். அந்த இரண்டு இடங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. சில ஆயிரம் கிலோமீட்டரில் 0.02 வந்துவிடுகிறது.

கடைசல் ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் பூட்டிக் கடைந்தால் தடிமன் எங்கும் ஒன்றாகும். அதனால் உதறல் உடனே நிற்கும். ஆனால் அந்த டிஸ்க் லேத்துக்கு நேரானது. துரு ஒட்டிய உங்கள் ஹப்புக்கு நேரானதல்ல. திரும்ப மாட்டிய அன்றே மறுபடி சாய்ந்து உட்காருகிறது. 90,000 உரசல்கள் மறுபடி முதலிலிருந்து.

உப்பு வந்த வழி

துரு எல்லா ஊரிலும் பிடிக்கும். ஆனால் தோல் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் பழைய லாரிக்குத் தனி வரலாறு இருக்க வாய்ப்புண்டு. அது பச்சைத் தோல் ஏற்றிய வண்டியாக இருக்கலாம்.

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஷெட்டுக்கு வந்து சேரும்வரை அதைக் காப்பது உப்பு. வழக்கமான முறையில் தோலின் எடையில் 40, 50 சதவீதம் வரை உப்பு போடுவார்கள். உப்பு தோலிலிருந்து நீரை உறிஞ்சும். அந்த உப்பு நீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டும். கீழே சேசிஸ், ஆக்சில், ஹப், டிரம். காய்ந்த பின்னும் உப்பு சும்மா இருக்காது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நிறுத்திவைத்த வண்டியின் ஹப் இடுக்கு மழையே படாமல் நனைகிறது. உப்பு நீர் இரும்பை அரிக்கும் வேகம் வெறும் தண்ணீரைவிட மிக அதிகம். துருவுக்கு இடம் வேறு கூடுதலாக வேண்டும்: அரித்த இரும்பைப்போல இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். இறுகப் பூட்டிய இரண்டு முகங்களுக்கு நடுவே அது வளர்ந்தால் ஒன்றை ஒன்று நெம்பும்.

பனி விழும் அமெரிக்க, கனடா சாலைகளில் பனியை உருக்க உப்பு தூவுவார்கள். அங்கே லாரி பராமரிப்பவர்களுக்கு இந்தத் துரு நெம்பல் தினசரித் தலைவலி. பனியே காணாத பாலாற்றுக் கரையில் அதே நோய்க்குத் தோல் வழி திறக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் கழிவும் உப்பும் உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் தீர்ப்பு வந்தது. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைக் குறைத்துத் தோலைப் பதப்படுத்த வழி தேடி வருகிறது. ஹப்பில் ஏறிய உப்பைப் பற்றிய பேச்சு பட்டறை வாசலைத் தாண்டுவதில்லை.

டயல் கேஜ் சொல்லும் சாட்சி

குற்றவாளி டிஸ்க்கா ஹப்பா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரமும் ஒரு டயல் கேஜும் போதும். லேத் பட்டறை எல்லாவற்றிலும் டயல் கேஜ் இருக்கும். பிரேக் பட்டறைக்கு ஏனோ அது வருவதில்லை.

பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு காரியம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் பேரிங்கையும் கிங்பின்னையும் முதலில் சரிசெய்ய வேண்டும். ஆடும் பேரிங்கில் எடுக்கும் எந்த அளவும் பொய்.

சக்கரத்தை எடுத்தபின் வாஷர் வைத்து எல்லா நட்டுகளையும் டிஸ்க்கின் மேல் சமமாக இறுக்குங்கள். கேஜின் காந்த அடியை அசையாத பாகத்தில் ஒட்டி, முனையை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து விரல் அகலம் உள்ளே வைத்து, கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் அதிகம் ஏறும் இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் ஒரே நேரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். நம் வண்டியில் முள் 0.12 காட்டியது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஸ்டட் தள்ளி மறுபடி மாட்டி அளக்க வேண்டும். மேடு டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்து போயிருந்தால் கோணல் டிஸ்க்கில். மேடு ஹப்பின் கோட்டிலேயே நின்றால் கோணல் ஹப்பில், அல்லது ஹப் மேல் ஒட்டியிருப்பதில். நம் வண்டியில் மேடு நகரவில்லை. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும், ஸ்டட்டுகளின் வேர் வரைக்கும், இரும்பு பளிச்சிடத் தேய்க்கிறோம். டிஸ்க்கின் உட்பக்கத்தையும் அப்படியே. மறுபடி மாட்டி அளந்தால் 0.04. இரண்டு முறை கடைந்தும் சிக்காத ஆள் தேய்த்த தாளில் பழுப்புத் தூளாக வந்து நிற்கிறான்.

காற்று அடித்துப் பிரேக் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத் துணியால் துடையுங்கள்.

ஹப் நேரான பிறகுதான் கடைசலுக்கு அர்த்தம் உண்டு. தேய்ந்த தடிமன் வேறுபாட்டைக் கடைந்து எடுக்க வேண்டும். கடைந்த பின்னும் டிஸ்க்கில் குறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிது, அதுவும் இரண்டு பக்கமும். காலிப்பர் பின்கள் துருவேறி இறுகியிருந்தால் சுத்தம்செய்து அதற்குரிய கிரீஸ் போட்டு, விரலால் தள்ளினால் நழுவும்படி செய்யுங்கள். பின் இறுகினால் ஒரு பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக வீல் நட்டு. ஏர் கன்னில் ஒன்றை முழுக்க இறுக்கி அடுத்ததுக்குப் போனால், சுத்தமான ஹப்பிலும் டிஸ்க் கோணலாக உட்காரும். குறுக்கு எதிராக, இரண்டு சுற்றில், முடிவில் டார்க் ரெஞ்சால் எல்லாம் ஒரே அளவு.

பழைய பூட்ஸும் பேட் படலமும்

உதறலுக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. அதில் ஹப்புக்குப் பங்கில்லை. பேட் டிஸ்க்கைத் தேய்ப்பதோடு நிற்பதில்லை, தன் பொருளை மெல்லிய படலமாக அதன்மேல் பூசவும் செய்கிறது. நல்ல பிடிப்பில் பெரும்பங்கு அந்தப் படலத்துடையது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சாலைகளில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை மாட்டி இறக்கத்தில் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துத்தான், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் பிரேக் லைனிங் ஆராய்ச்சியில் இறங்கினார் என்பார்கள். ஃபெரோடோ நிறுவனம் அப்படிப் பிறந்தது. ஷூ தைக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். தோல் நன்றாகப் பிடிக்கும், சூடேறினால் கருகும். அதன்பின் வந்த லைனிங் எல்லாம் அந்தச் சூட்டோடு நடத்திய சண்டைதான்.

படலம் சீராகப் படியாவிட்டால் தடிமன் மாறும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை வேகமாக நெருங்கி, அழுத்தி பிரேக் பிடித்து, வரிசையில் நிற்கும்போதும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதியும். இது ஒரே திட்டு; சுற்றுக்கு ஒரு துடிப்பு. திட்டு பதிந்த இடம் மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகி, சூடாகச் சூடாக இன்னும் படிந்து, கடைசியில் அடியிலிருக்கும் இரும்பே கடினமான வேறு பொருளாக மாறிவிடும். நீலம் பாய்ந்த திட்டு கண்ணுக்குத் தெரிந்தால் கடைவது வீண். உளி அந்தக் கடினத்தின் மேல் எகிறும், சில வாரத்தில் மேடு மறுபடி எழும். டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

புது பேட், புது டிஸ்க் போட்ட அன்று காலி சாலையில் 50-இலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்து விடுவதைப் பத்து முறை போல, இடையே சற்று ஓடவிட்டு ஆறவைத்துச் செய்தால் படலம் சீராக ஏறும். முழுதாக நிறுத்தக் கூடாது. இறங்கும் வழியில் சுங்கச்சாவடி இல்லாத சாலையாகப் பாருங்கள்.

பெரிய லாரி வாங்குகிறவர்களுக்கு

பெரிய லாரியில் நான்கு பக்கமும் டிரம். டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்தால் அங்கேயும் சுற்றுக்கு இரண்டு துடிப்பு. டயர் பெரிது என்பதால் உதறும் வேகம் கொஞ்சம் கூடும். டயல் கேஜ் சோதனையும் ஹப் சுத்தமும் அப்படியே பொருந்தும். கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: இரும்பு ஷூவுக்கும் அதன்மேல் ரிவெட் அடித்த லைனிங்குக்கும் இடையில் வளரும் துரு. ரிவெட் பிடித்த இடத்தில் லைனிங் எழ முடியாது, இரண்டு ரிவெட்டுக்கு நடுவே எழும். மேடு பள்ளமான லைனிங் டிரம்மை அங்கங்கே மட்டும் தொடும், சூடாகும், விரியும். முற்றினால் லைனிங் துண்டாக உடைந்து டிரம்முக்குள் சுற்றும்.

தோல் ஏற்றிய வண்டியா என்று விற்கிறவர் சொல்ல மாட்டார். பாடி பலகைக்கு அடியில், சேசிஸ் குறுக்குச் சட்டத்தின் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடத்தில் பெயின்ட் நன்றாக இருக்க, அங்கே மட்டும் இரும்பு அப்பளமாக உரிந்து, இடுக்கில் வெள்ளைப் பொருக்கு நின்றால் எந்தச் சரக்கு போனது என்று தெரிந்துவிடும். புதிதாக எஃப்.சி. ஆன வண்டி என்பார்கள். ஆகட்டும், ஒரு பின் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். லைனிங்குக்கும் ஷூவுக்கும் நடுவே நகம் நுழைந்தால், எல்லாச் சக்கரத்துக்கும் ஷூ மாற்றும் செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.